வாசற்படி முதல் கடற்கரை வரை

நடக்க இயலாதவர்களும் முதியோரும் நகரைச் சுற்றிப் பார்க்க

வெளியூர்களிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் நோயாளிகள் வீடு திரும்பும் நாளில் எங்களிடம் பல ஐயங்களைக் கேட்பார்கள். மருந்து, உணவு, பயிற்சி, மீண்டும் வரவேண்டிய நாள் என எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், எழுந்து செல்லும் வேளையில், சற்றுத் தயக்கத்தோடு இன்னொரு கேள்வி வரும்: "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். ஊருக்குப் போகுமுன் கடலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமா?"

மருத்துவத்தைப் பொறுத்தவரை, இக்கேள்விக்கு எங்கள் விடை பெரும்பாலும் 'போகலாம்' என்பதே. பக்கவாதத்தால் ஒரு கை, கால் செயலிழந்தவர், தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர், மூட்டுத் தேய்மானத்தால் நான்கு படி ஏறவும் சிரமப்படும் முதியவர் ஆகிய எவருக்கும், உடல்நிலை சீராக இருக்கும்போது, ஒரு மாலைப்பொழுதைக் கடற்கரையில் கழிப்பதில் தடையில்லை. 'எப்படிப் போவது?' என்ற அடுத்த கேள்விக்குத்தான் மருத்துவர்களால் மட்டும் விடை கூற இயலாது. நகரமும் சேர்ந்து விடை கூற வேண்டும். அவ்விடையில் எவ்வளவு இன்று கிடைத்திருக்கிறது, எவ்வளவு மீதியிருக்கிறது, மீதி வந்து சேரும்வரை குடும்பத்தினர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

வெளியே செல்வதும் சிகிச்சையின் பகுதியே

மறுவாழ்வு மருத்துவத்தில் ஒருவரது முன்னேற்றத்தைத் தசையின் வலிமையைக் கொண்டு மட்டும் நாங்கள் அளப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட செயல்திறன் வகைப்பாடு, உடலின் நிலை, அன்றாடச் செயல்கள், சமூக வாழ்வில் பங்கேற்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே காணவேண்டும் என்கிறது. சுற்றுச்சூழலும் ஒருவரது இயலாமையைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது என்பதையும் அது வலியுறுத்துகிறது. கால் வலுவிழந்த ஒருவர் சமதளமான பாதையில் தாமே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு செல்வார். அதே மனிதர் 3 படிகளுக்கு முன்னால் நின்றுவிடுவார். இரண்டு இடங்களிலும் கால் அதே கால்தான். இடையில் மாறியது பாதை.

வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவருக்கு உடல் தளர்வும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கும். பயிற்சியில் ஆர்வம் குறையும், உறக்கம் கெடும், கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் சோர்ந்துபோவார்கள். இதற்கு மாறாக, 'அடுத்த மாதம் மெட்ரோவில் ஏறிப் போகவேண்டும்' என்பதுபோல் தெளிவான ஓர் இலக்கு இருந்தால், நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறும் பயிற்சியை அவரே கேட்டுச் செய்வதை நாங்கள் கண்டு வருகிறோம். ஆகவே, ஊர் சுற்றிப் பார்ப்பதை நலமாக இருப்போர்க்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம்.

இது சிலருக்கு மட்டுமான தேவையும் அன்று. உலக மக்களில் 6 பேரில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் கணக்கிடப்பட்டனர். முழங்கால் வலியுள்ள பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, அண்மையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கைக்குழந்தையுடன் வரும் தாய் ஆகியோர் அக்கணக்கில் வரமாட்டார்கள். படி இல்லாத வழி அவர்களுக்கும் தேவையே.

ஒரு கண்ணி அறுந்தால் பயணமே நின்றுவிடும்

சுற்றுலாவை அனைவர்க்கும் உரியதாக்குவது பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் ஒரு சாய்தளத்தையே நினைக்கிறார்கள். சாய்தளம் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. தங்கும் விடுதியின் வாசற்படி, தெருவோர நடைபாதை, பேருந்து அல்லது தொடர்வண்டி, இறங்குமிடத்திலிருந்து செல்லும் வழி, நுழைவாயில், உள்ளே பார்க்கும் இடம், கழிவறை, திரும்பும் வழி என்று அச்சங்கிலி நீளும். இவற்றுள் ஏழு சரியாக அமைந்து எட்டாவது அறுந்திருந்தால், அந்த மனிதரைப் பொறுத்தவரை ஏழும் பயனற்றவையே.

சென்னையின் மெரினாவை எடுத்துக்கொள்வோம். மணலில் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் புதைந்துவிடும் என்பதால், நெடுங்காலம் நடக்க இயலாதவர்கள் உட்சாலையில் இருந்தபடியே தொலைவில் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள்; அல்லது உறவினர் நால்வர் தூக்கிச் சென்றார்கள். ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை அமைக்கப்பட்டு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் தொடர்ந்த கோரிக்கைக்குப் பின், 2022 நவம்பரில் மாநகராட்சி அலைகளுக்கு அருகே வரை செல்லும் நிலையான மரப்பாதையைத் திறந்தது. முதன்முறையாகக் கடலருகே சென்ற பலருடைய முகங்களை அந்நாளைய செய்தித்தாள்களில் நீங்களும் கண்டிருக்கலாம்.

சில நாட்களிலேயே, அதே ஆண்டு டிசம்பரில், மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது அப்பாதையின் கடல்பக்கப் பகுதி சேதமடைந்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. பெசன்ட் நகர் கடற்கரையிலும் இத்தகைய பாதை வந்துள்ளது. கட்டுவதைப் போலவே பேணுவதும் முக்கியம் என்பதை அப்புயல் எல்லார்க்கும் உணர்த்தியது. பலகைகளின் மேல் மணல் சேர்வதும், ஆணி தளர்வதும், பாதையை அடைத்துக்கொண்டு கூட்டம் அமர்வதும் நாள்தோறும் கவனிக்க வேண்டியவை.

இனி, அம்மரப்பாதை வரை எப்படி வருவது? 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் நிலையந்தோறும் மின்தூக்கி உண்டு. பார்வையற்றோர் கோலால் தடவி அறியும் தொடுதரை உண்டு. பெட்டிக்குள் சக்கர நாற்காலி நிறுத்த இடம் உண்டு. விமான நிலையத்திலிருந்தும் சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களிலிருந்தும் படியேறாமல் நகருக்குள் வர இயல்வது பெரிய முன்னேற்றம். ஆனால் அண்ணா சாலையிலுள்ள அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், வாலாஜா சாலை வழியே கடற்கரைக்குச் செல்லும் தொலைவு மீதியிருக்கிறது. இடையில் நடைபாதை உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கக்கூடும். வாகனங்கள் நுழையாதபடி நடப்பட்ட கம்பங்கள் நாற்காலியையும் நுழையவிடாமல் தடுக்கக்கூடும். 2024 ஆகஸ்டு முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை இயக்கி வருகிறது. நடைபாதையின் பக்கம் சாய்ந்து தாழ்ந்து, சாய்பலகை விரித்து, நாற்காலியை நேரே ஏற்றிக்கொள்ளும் வசதி அவற்றில் உண்டு. எனினும் எல்லா வழித்தடங்களிலும் எல்லா நேரத்திலும் அவை கிடைப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால்தான் அந்தச் சாய்பலகையும் பயன்படும்.

ஆகவே நகரத்தை ஆள்வோரிடம் நாம் கேட்க வேண்டியது, தனித்தனி வசதிகள் எத்தனை என்பது மட்டுமன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

தண்ணீர் குடிக்காத பயணிகள்

அறுந்த கண்ணிகளுள் உடலுக்கு மிகுந்த தீங்கு செய்வது கழிவறை இல்லாமைதான். வெளியே செல்லும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் நோயாளிகள் பலர். அவர்களுள் பெண்கள் மிகுதி. சக்கர நாற்காலி நுழையும் கழிவறை எங்கிருக்கிறது என்று தெரியாது, இருந்தாலும் பூட்டியிருக்கலாம், துடைப்பமும் வாளியும் அடுக்கிய பண்டகசாலையாக மாறியிருக்கலாம். ஆகவே குடிக்காமலிருப்பதே பாதுகாப்பு என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

சென்னை வெயிலில் 6, 7 மணி நேரம் நீரருந்தாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அறிவோம். சிறுநீர் அடர்த்தியாகும்; தேங்கும் சிறுநீரில் நோய்த்தொற்று உண்டாகும்; இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்வோர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும். தண்டுவடக் காயத்துக்குப் பின் வடிகுழாய் செலுத்திச் சிறுநீர் வெளியேற்றுவோர் பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதனைச் செய்தாக வேண்டும். அதற்குத் தூய்மையான, தாழிடக்கூடிய, திரும்ப இடமுள்ள ஓர் அறை வேண்டும். அவ்வறை இல்லாத சுற்றுலாத் தலம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர்களுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் உரியதன்று.

கண்ணுக்குத் தெரியாத தடைகள்

அனைவர்க்குமான சுற்றுலா என்பது சக்கர நாற்காலியோடு முடிந்துவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அவற்றுள் பல வெளிப்பார்வைக்குத் தெரியாதவை.

பார்வையற்றவர் அருங்காட்சியகத்துக்குச் சென்றால் கண்ணாடிப் பேழைகளுக்கு முன் நிற்பதோடு சரி. தொட்டுணரத்தக்க மாதிரிச் சிற்பங்களும், பிரெயில் குறிப்புகளும், காதில் கேட்கும் விளக்கமும் இருந்தால் அவரும் பார்வையாளரே. 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் நூல்களுக்கெனத் தனிப்பிரிவு அமைந்திருப்பதை இங்கே குறிப்பிடலாம். செவித்திறன் குறைந்தோர்க்கு ஒலிபெருக்கி அறிவிப்பால் பயனில்லை. எழுத்தில் காட்டும் பலகை வேண்டும். ஆட்டிச நிலையுள்ள குழந்தைக்குப் பேரொலியும் நெரிசலும் தாங்கமுடியாத துன்பம். கூட்டம் குறைந்த நேரத்தில் அனுமதிப்பதும், சற்று ஒதுங்கி அமர அமைதியான ஓரிடம் தருவதும் அக்குடும்பத்துக்குப் பேருதவி. இவற்றுள் சிலவற்றுக்குப் பணம்கூட வேண்டியதில்லை. பணியாளர்க்குப் பயிற்சியே போதும். ஊன்றுகோலோடு வருபவரைக் கேளாமல் கையைப் பிடித்து இழுக்காதிருப்பது, நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டுத் தள்ளிவருபவரிடம் 'இவருக்கு என்ன வேண்டும்?' என்று கேட்காதிருப்பது ஆகியவையும் வசதிகளே.

சென்னைக்கு வருவோர் காமராசர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் என்னும் காட்சியகத்தையும் காணலாம். வீட்டிலும் வெளியிலும் மாற்றுத்திறனாளிகள் தாமே இயங்க உதவும் கருவிகளும் ஏற்பாடுகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மெரினாவுக்குச் செல்லும் வழியிலேயே அமைந்திருப்பதால் ஒரே பயணத்தில் இரண்டையும் காண முடியும்.

பழமையைக் காத்துக்கொண்டே வழி செய்யலாம்

'தொன்மையான சின்னங்களில் சாய்தளம் வைக்க இயலாது. அழகு கெட்டுவிடும்' என்ற மறுமொழியைப் பலரும் கேட்டிருப்போம். சென்னைக்குத் தெற்கேயுள்ள மாமல்லபுரத்தைப் பாருங்கள். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அப்பல்லவர் நகரில், அருச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத் தொகுதி சாலையோரத்திலேயே உள்ளது. நாற்காலியில் இருந்தபடியே அதனை முழுமையாகக் காணலாம். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கீழிருந்தே பார்க்கலாம். கடற்கரைக் கோயிலின் அருகே வரை செல்ல அமைந்த பாதை உண்டு; கருவறையருகே செல்லத்தான் படிகள் குறுக்கிடும். ஐந்து இரதங்களைச் சுற்றி மணற்பாங்கான தரையாதலால் நாற்காலியைத் தள்ளுவது கடினம். குன்றின் மேலுள்ள மண்டபங்களுக்குப் பாறைச்சரிவில் ஏறவேண்டும். இவ்வாறு ஓர் இடத்தை 'முடியும்', 'துணையோடு முடியும்', 'முடியாது' எனப் பிரித்து நுழைவாயிலிலேயே எழுதி வைத்தால், ஒரு கல்லையும் அசைக்காமல் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உண்மையான தகவலும் ஒரு வசதிதான். முடியாதவற்றுக்கு மாதிரி உருவங்களையும் ஒளிப்படங்களையும் அடிவாரத்தில் வைக்கலாம்.

கல்லைத் தொட வேண்டிய இடங்களிலும் வழி உண்டு. ஸ்பெயின் நாட்டின் ஆவிலா நகரம் இடைக்கால மதிற்சுவரால் சூழப்பட்டது; அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமே. அம்மதிலின் ஒரு பகுதியில் சக்கர நாற்காலியில் வருவோரும் மேலே சென்று உலவ வழி செய்துள்ளனர். ஐரோப்பிய ஆணையம் அணுகத்தக்க நகரங்களுக்கென ஏற்படுத்திய விருதை முதன்முதலில், 2011ஆம் ஆண்டுக்கு, பெற்றது அந்நகரமே. மதில் முழுவதையும் அவர்கள் மாற்றவில்லை. எல்லார்க்கும் ஒரு பகுதியேனும் கிடைக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

புறப்படுமுன் கேட்டு அறியுங்கள்

நகரம் முழுமையாக மாறும்வரை காத்திருக்க நம் நோயாளிகளுக்கு நேரமில்லை. ஆகவே, முன்கூட்டியே சிலவற்றைக் கேட்டறிந்து புறப்படுவது நல்லது.

விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது 'மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டா?' என்று கேட்டால் 'உண்டு' என்றே விடை வரும். அளவைக் கேளுங்கள். வாசலில் எத்தனை படிகள்? அறைக் கதவின் அகலம் எத்தனை அங்குலம்? கழிவறைக் கதவு எத்தனை அங்குலம்? கழிவறைக்குள் இறங்கும் படி உண்டா? பிடித்து எழக் கைப்பிடி உண்டா? மேல்நாட்டு இருக்கையா? கட்டிலின் உயரம் என்ன? மின்தூக்கி எல்லா மாடிக்கும் செல்லுமா? கதவு 90 சென்டிமீட்டர், அதாவது 36 அங்குலம் திறந்தால் நாற்காலி எளிதில் நுழையும். நாற்காலியைத் திருப்ப 5 அடிச் சதுர இடம் வேண்டும். கைப்பேசியில் ஒளிப்படம் அனுப்பக் கோரினால் இன்னும் தெளிவாகும்.

சாய்தளத்துக்கும் அளவு உண்டு. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது ஏற்கப்பட்ட விதி. அரையடிப் படி ஒன்றுக்கே 6 அடி நீளம் தேவை. நான்கு படிகளின் மேல் 6 அடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு அதனைச் சாய்தளம் என்று கூறினால், அதில் நாற்காலியை ஏற்ற வேண்டாம். பின்னோக்கிக் கவிழும் அபாயம் உண்டு. செங்குத்தான சரிவில் இறங்கும்போது தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நின்று, நாற்காலியைப் பின்புறமாகவே இறக்க வேண்டும்.

தொடர்வண்டியில் வருவோர், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத எலும்பு, மூட்டு, தசை சார்ந்த இயலாமை உடையவராயின், படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை பெறலாம். உடன்வரும் ஒருவர்க்கும் அதே சலுகை உண்டு. அதற்குரிய சான்றை முன்னரே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருவோர் தமக்குத் தேவைப்படும் உதவியைப் பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

உடலைக் காத்துக்கொள்ளும் முறை

வெளியே செல்லும் நாளில் கீழ்க்காணும் அறிவுரைகளை நினைவிற்கொள்ளுங்கள்.

நேரம்: கோடையில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் செல்வது நன்று. பார்க்கின்சன் நோயுள்ளோர், மருந்து நன்கு வேலை செய்யும் நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்.

நீர்: வழக்கமான அளவு குடியுங்கள். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவு வரையறுக்கப்பட்டிருந்தால் அந்த அளவை மீறாதீர்கள்; அதற்குக் கீழும் குறைக்காதீர்கள். செல்லுமிடத்தில் கழிவறை எங்கே, திறந்திருக்குமா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

தோல்: நாற்காலியிலேயே இருப்போர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றியோ, முன்னும் பக்கவாட்டிலும் சாய்ந்தோ, இருக்கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மெத்தையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். இரவில் இடுப்பு, வால் எலும்பு, குதிகால் ஆகிய பகுதிகளைக் குடும்பத்தினர் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அழுத்தம் நீங்கியபின்னும் மங்காதிருந்தால், மறுநாள் அப்பகுதியில் பாரம் விழாமல் காத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதம்: நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கு நண்பகல் மணலும், வெயிலில் காய்ந்த கோயில் பிராகாரமும் பெரும் ஆபத்து. சுடுவது தெரியாது, இரவில் கொப்புளம்தான் தெரியும். கோயிலுக்கு அதிகாலையில் செல்லுங்கள். அனுமதிக்கும் இடங்களில் தடித்த காலுறை அணியுங்கள். தண்டுவடக் காயமுள்ளோர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்புப் பாகமும் காரின் இருக்கையும் தோலைச் சுட்டுவிடும். முதலில் உடன் வருபவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வெப்பம்: கழுத்து அல்லது மேல்முதுகுப் பகுதியில் தண்டுவடக் காயமுற்றோர்க்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. ஆகவே உடல் விரைவில் சூடேறும். ஈரத்துணியும், நீர் தெளிக்கும் குப்பியும், குடையும் உடன் இருக்கட்டும்.

அவசர நிலை: மார்பின் ஆறாவது முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலி, முகச்சிவப்பு, காயத்துக்கு மேல் மிகுந்த வியர்வை தோன்றினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருக்கக்கூடும். உடனே நிமிர்ந்து உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். வடிகுழாய் மடங்கியுள்ளதா, சிறுநீர்ப்பை நிறைந்துள்ளதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுவே. குறையாவிடில் தாமதமின்றி 108ஐ அழையுங்கள். மருந்துப் பட்டியலும் வெளியேற்றச் சுருக்கத்தின் நகலும் எப்போதும் நாற்காலியின் பையில் இருக்கட்டும்.

இது சலுகையன்று, உரிமை

'நம்மால் மற்றவர்க்குத் தொந்தரவு' என்ற சொல்லை நோயாளிகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். சட்டம் அவ்வாறு கருதவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 30ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வையும் பொழுதுபோக்கையும் பேசும்போது, அருங்காட்சியகம், திரையரங்கு, நூலகம் ஆகியவற்றோடு சுற்றுலாச் சேவைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்கள் யாவும் அணுகத்தக்கவை ஆக்கப்பட வேண்டும் என்றது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். அக்கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு முரணானது என்றும், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

ஆகவே, பூட்டிய கழிவறையைக் கண்டால் சாவியைக் கேளுங்கள். சாய்தளத்தின் வாயிலில் இருசக்கர வாகனம் நின்றால் அகற்றச் சொல்லுங்கள். ஒளிப்படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, அந்நிருவாகத்துக்கு எழுதுங்கள். பயனில்லையெனில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு முறையிடலாம். நன்றாக நடத்திய இடத்துக்கும் நான்கு வரி பாராட்டி எழுதுங்கள். அங்குள்ள பணியாளர்க்கு அது ஊக்கம் தரும். மெரினாவின் மரப்பாதையும், தாழ்தளப் பேருந்தும் தாமாக வந்துவிடவில்லை. நாற்காலியில் இருப்போர் மனு எழுதியும், நீதிமன்றம் சென்றும், ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டும் வந்தவை அவை. அவற்றைப் பயன்படுத்துவோர் பெருகினால்தான் அவை நிலைத்திருக்கும். ஆளில்லாத பாதையை எந்நகரமும் நெடுநாள் பேணாது.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, கடல் பார்க்கும் கேள்வியைக் கடைசிக்கு வைக்காதீர்கள். எங்கே செல்ல விரும்புகிறீர்கள், எவ்வளவு நேரம், யார் துணை என்று முதலிலேயே கூறுங்கள். காரிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, வடிகுழாய் நேரத்தை மாற்றியமைப்பது, மெத்தையைத் தேர்வது, துணைவருவோர்க்குச் சரிவில் நாற்காலியை இறக்கப் பழக்குவது ஆகியவற்றை எங்கள் இயன்முறை, செயல்முறை சிகிச்சையாளர்கள் முன்னரே பயிற்றுவிப்பார்கள். சென்று வந்தபின், எங்கே படி தடுத்தது, எங்கே வழி நன்றாக இருந்தது என்பதையும் எங்களுக்குத் தெரிவியுங்கள். உங்களுக்குப் பின் வீடு திரும்பும் நோயாளி அதே கேள்வியைக் கேட்கும்போது, அவருக்குக் கூற எங்களிடம் இன்னும் சரியான விடை இருக்கும்.